எந்த வாசலில் போய் நிற்பது? டாக்டருக்குப் பணம் வரும் வழியும் நமக்கு எழுதப்படும் டெஸ்ட்டும்

"வீட்டுக்காரருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஜி.எச்.சில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பயந்துபோய் சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கே எட்டு டெஸ்ட் எழுதினார்கள். இனி இப்படி வந்தால் முதலில் எங்கே போவது?"

ஒரு வாசகி கேட்டது இது. இதே கேள்வி முதுகுவலி, தலைசுற்றல், நெஞ்செரிச்சல் என்று வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது. "அரசு டாக்டருக்கு அக்கறை இல்லை, தனியார் டாக்டருக்குக் காசு ஆசை" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பல ஊர்களில் காலையில் ஜி.எச்.சில் பார்ப்பவரும் மாலையில் சொந்த கிளினிக்கில் பார்ப்பவரும் ஒரே டாக்டர்தான். தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. அதே மனிதர், அதே படிப்பு, ஆனால் இரண்டு இடத்திலும் இரண்டு விதமாகப் பார்க்கிறார். நடுவில் மாறுவது அவருக்குப் பணம் வரும் வழியும் வாசலில் நிற்கும் கூட்டமும்தான்.

இதை மத்தியப் பிரதேசக் கிராமங்களில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், ஜிஷ்ணு தாஸ் முதலான பொருளாதார ஆய்வாளர்கள், பயிற்சி கொடுத்த ஆட்களை நோயாளிகள் போல டாக்டர்களிடம் அனுப்பினார்கள். ஒருவர் ஆஸ்துமா என்று போவார், இன்னொருவர் மாரடைப்புக்கு முன் வரும் நெஞ்சுவலி என்று போவார், மற்றொருவர் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று போவார். வந்தவர் நடிக்கிறார் என்பது டாக்டருக்குத் தெரியாது. 2016ல் வெளியான முடிவின்படி, ஒரே டாக்டர் தன் தனிக் கிளினிக்கில் அதிகம் விசாரித்தார், சரியான சிகிச்சையையும் அதிகம் கொடுத்தார். இன்னொரு விஷயமும் தெரிந்தது. ஃபீஸ் கூடக் கூட சரியான சிகிச்சை கிடைப்பது கூடியது. தேவையில்லாத சிகிச்சையும் சேர்ந்தே கூடியது.

ஆகவே எந்த வாசலும் முழுக்க நல்லதும் இல்லை, முழுக்கக் கெட்டதும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வகைத் தவறு நடக்க அதிக இடம் இருக்கிறது. நமக்கு வந்திருக்கும் உபாதையில் எந்தத் தவறைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று பார்த்து வாசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, டாக்டர் நம்மை விசாரித்து, தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் கொடுப்பார். இதைத்தான் முதலில் வைக்கிறேன். ஏனென்றால் இதற்குத் தனியாகப் பணம் கொடுக்கிற முறை நம் ஊரில் அநேகமாக எங்குமே இல்லை. ரத்தம் எடுத்தால் பில் உண்டு, ஸ்கேனுக்கும் பில் உண்டு. வயிற்றை அமுக்கிப் பார்த்து, "எப்போதிலிருந்து? சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?" என்று பத்து நிமிஷம் கேட்பதற்கு பில்லில் ஒரு வரி கிடையாது.

இரண்டாவது, தேவையான டெஸ்ட் விட்டுப்போகும் ஆபத்து. மூன்றாவது, தேவையில்லாத டெஸ்ட் நம் தலையில் விழும் ஆபத்து. நான்காவது, பில்லில் வராத செலவு: போன கூலி, பஸ் செலவு, கூட வந்தவரின் லீவு, ரிப்போர்ட்டைப் பார்த்து வந்த பயம்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஏன் எதிரெதிராக இழுக்கின்றன என்பதை ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களை வைத்து நடத்திய ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. அதை நடத்தியவர்களில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற ரைன்ஹார்ட் செல்ட்டனும் ஒருவர். 2011ல் வெளியானது. ஒரு முறையில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகப் பணம். இன்னொன்றில் நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பணம், எவ்வளவு செய்தாலும் அதேதான். மாணவர்களின் முடிவால் நோயாளிக்குக் கிடைத்திருக்கும் நன்மையைப் பணமாகக் கணக்கிட்டு, அந்தத் தொகையை உண்மையான கண்புரை நோயாளிகளின் சிகிச்சைக்குக் கொடுத்தார்கள். அதனால் அது வெறும் விளையாட்டாக இல்லை. சேவைக்குப் பணம் என்றபோது தேவைக்கு மேல் செய்தார்கள். அதிகம் பாதிக்கப்பட்டது லேசான நோய்க்காரர்கள். மொத்தப் பணம் என்றபோது குறைத்துச் செய்தார்கள். அடிபட்டது நிறைய கவனிப்பு தேவைப்பட்டவர்கள். நோயாளியின் நலனை அவர்கள் மறந்துவிடவும் இல்லை. பணம் ஒரு பக்கம் இழுத்தது, அவ்வளவுதான்.

## அரசு மருத்துவமனை: மாதச் சம்பளம்

பத்து டெஸ்ட் எழுதினாலும் ஒன்றும் எழுதாவிட்டாலும் இங்கே டாக்டரின் சம்பளம் மாறாது. தேவையில்லாமல் எழுத அவருக்குக் காரணமே இல்லை. ஜி.எச். டாக்டர் ஒரு ஸ்கேன் எழுதினால் நான் அதைத் தயங்காமல் எடுத்துவிடுவேன். அவர் வரிசையில் நிற்கும் கூட்டத்தையும் மீறி அதை எழுதியிருக்கிறார்.

ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. ஓ.பி.யில் உங்கள் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள். ஒருவரிடம் கூடுதலாக ஐந்து நிமிஷம் செலவழித்தால் அந்த டாக்டருக்குக் கிடைப்பது பின்னால் நிற்பவர்களின் கோபம் மட்டும். அதனால் முதல் வாக்கியத்தில் சொல்வது மட்டுமே காதில் விழும். "உடம்பு முடியலை டாக்டர்" என்று ஆரம்பித்தால் சத்து மாத்திரையோடு வெளியே வர நேரும். "மூன்று வாரமாக இருமல், எடை குறைகிறது, சாயங்காலம் காய்ச்சல்" என்று சொன்னால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். காசநோய் என்றால் பரிசோதனையும் மருந்தும் அரசிடம் இலவசம். அதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

பில்லில் வராத செலவு இங்கேதான் அதிகம். ஓ.பி. சீட்டுக்கு ஒரு காலை, ஸ்கேன் தேதிக்கு இன்னொரு நாள், ரிப்போர்ட் வாங்க மூன்றாவது நாள். தினக்கூலிக்காரருக்கு இது மூன்று நாள் சம்பளம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்த்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. கிழமை இருக்கும். முதலில் பார்த்த யூனிட்டின் கிழமையைச் சீட்டிலேயே குறித்து வாங்கி, அதே கிழமையில் போனால் அதே ஆட்கள் பார்ப்பார்கள்.

எப்போது நல்லது? காசநோய், நாய்க்கடி, பாம்புக்கடி, விபத்து, செலவு கூடிய ஸ்கேன் தேவைப்படும் நோய்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரி "உடனே ஆபரேஷன்" என்று சொன்ன பிறகு இரண்டாவது கருத்து கேட்கவும் இதுதான் சரியான இடம். அந்த ஆபரேஷன் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இங்கே இருக்கும் பேராசிரியரின் மாதச் சம்பளம் கூடவோ குறையவோ போவதில்லை.

## தெருமுனை கிளினிக்: பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் ஃபீஸ்

இவருக்குப் பணம் வருவது நாம் உள்ளே வந்து உட்காரும்போது. ஆகவே நாம் திரும்பி வர வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வர வேண்டும். இதனால் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. "கைராசி டாக்டர்" என்ற பெயர்தான் அவருடைய முதலீடு, அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டார். நம் அப்பாவுக்கு சுகர் இருந்தது, நமக்கு சல்ஃபா ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு நினைவிருக்கும். எந்த ஸ்கேனும் தராத தகவல் அது.

குறை என்ன? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் ஏறும்போது, ஒருவருக்குச் செலவிடும் நேரம் குறையக் குறைய வரும்படி கூடும். அப்போது விசாரணையின் இடத்தை ஊசியும் ஆன்டிபயாடிக்கும் பிடித்துக்கொள்ளும். இதில் நம் பங்கும் உண்டு, ஊசி போடாவிட்டால் "ஒண்ணுமே பண்ணலை" என்று நாம்தான் சொல்கிறோம்.

இன்னொன்று லேப் கமிஷன். நோயாளியை அனுப்பியதற்கு டாக்டர் பணம் வாங்குவதை 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளே தடை செய்கின்றன. இருந்தும் பல இடங்களில் அது நடக்கிறது. குறிப்பிட்ட ஒரு லேபின் சீட்டில் மட்டுமே டெஸ்ட் எழுதி, வேறு லேபின் ரிப்போர்ட்டைப் பார்க்கவே மறுத்தால் சந்தேகப்படுங்கள். "அந்த லேபில் ரிசல்ட் சரியாக வரும்" என்று காரணம் சொல்லி, வேறு இடத்தில் எடுத்ததையும் ஏற்றுக்கொள்பவர் வேறு ரகம்.

காய்ச்சலுக்கு இங்கே அடிக்கடி எழுதப்படுவது விடால். டைபாய்டா என்று பார்க்கும் பழைய டெஸ்ட், மலிவானது. காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாட்களில் அது பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கோ தடுப்பூசிக்கோ இன்று பாசிட்டிவ் காட்டவும் கூடும். ஒரே ஒரு விடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டி ஆன்டிபயாடிக் கொடுத்தால், ரத்தத்தில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் "பிளட் கல்ச்சர் எடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

எப்போது நல்லது? சுகர், பி.பி., தைராய்டு, குழந்தைகளின் சளி காய்ச்சல், "இது பெரிய விஷயமா, சின்ன விஷயமா" என்று தெரியாத எந்தத் தொடக்கமும்.

## பெரிய தனியார் ஆஸ்பத்திரி: ஒவ்வொன்றுக்கும் தனி பில்

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, என் வீட்டிலேயே நடந்ததால்.

அப்பா தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பேசியது ஐந்து நிமிஷம். எம்.ஆர்.ஐ. அன்றே எடுத்தாகிவிட்டது. ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தார்கள். அதிலிருந்து எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், ஒரு ஊசி, ஒரு பெல்ட். அப்பா குனிவதையே விட்டுவிட்டார். வீட்டுக்குள் நடக்கவும் பயந்தார். நான்கு மாதம் கழித்து ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில் வயதான ஒரு டாக்டர் அவரைப் படுக்க வைத்து, காலை நீட்டியபடி தூக்கிப் பார்த்து, கட்டைவிரலை அழுத்தச் சொல்லி, குதிகாலில் நடக்கச் சொல்லி, இருபது நிமிஷம் பார்த்தார். "நரம்புக்கு ஒன்றும் இல்லை. நடங்க ஐயா" என்றார். அன்று சாயங்காலமே அப்பா கடைத்தெரு வரை நடந்து போனார்.

அந்த ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளை 2015ல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதுக்காரர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் டிஸ்க் பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது போலத்தான் அதுவும். காலில் பலம் குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சல், எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது போன்ற அறிகுறி இல்லாத புது இடுப்புவலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் வேண்டியதில்லை என்பது பல நாட்டு மருத்துவர் அமைப்புகளும் சொல்வது.

ஸ்கேன் எழுதியவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கோடிக்கணக்கில் கடன் வாங்கி வாங்கிய மெஷின் அங்கே இருக்கிறது, அது ஓடியாக வேண்டும். பல இடங்களில் டாக்டரின் வருமானம் அவர் கொண்டுவரும் பில்லோடு சேர்த்தே பேசப்படுகிறது. எதையாவது விட்டுவிட்டால் வழக்கு வரும் என்ற பயமும் உண்டு. எல்லாக் காற்றும் ஒரே பக்கம் அடிக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் டாக்டர்களுக்கான கட்டணம் 2 சதவீதம் கூடிய இடங்களில் சிகிச்சையின் அளவு 3 சதவீதம் கூடியதாக ஜெஃப்ரி கிளெமன்ஸ், ஜோஷுவா காட்லீப் என்ற இருவர் கணக்கிட்டார்கள். அதிகம் கூடியது தள்ளிப்போடக்கூடிய, செய்தாலும் செய்யாவிட்டாலும் சரி என்ற வகைச் சேவைகள். எம்.ஆர்.ஐ. மெஷின் வாங்குவதும் கூடியது.

காப்பீடு இருந்தால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். சாதாரண மெடிக்கல் பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். அதனால் "ஒரு நாள் அட்மிட் ஆகிக்கொள்ளுங்கள், டெஸ்ட் எல்லாம் கிளெய்மில் வந்துவிடும்" என்று சிலர் யோசனை சொல்வார்கள். டெஸ்ட் எடுப்பதற்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்பது இந்திய பாலிசிகளில் பொதுவாக இருக்கும் விலக்கு. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் அறை வாடகையோடு முழு பில்லும் நம் கையில்.

எப்போது நல்லது? நெஞ்சுவலி, திடீரென்று ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சு குழறுவது, கடுமையான வயிற்றுவலி. இவற்றில் ஒரு டெஸ்ட் கூடுதலாக எடுப்பதால் பணம்தான் போகும், ஒன்று விட்டுப்போனால் உயிர் போகும். வசதியுள்ள இடங்களில் எது பக்கமோ அங்கே போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி பக்கமென்றால் அங்கே.

## காப்பீட்டு அட்டை: நோய்க்கு இவ்வளவு என்று பேக்கேஜ்

தமிழ்நாட்டில் அரசின் மருத்துவக் காப்பீடு 2009ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. இன்ன ஆபரேஷனுக்கு இவ்வளவு என்று தொகை முன்பே நிர்ணயம். அட்மிட் ஆன பிறகு கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு டெஸ்ட்டும் ஆஸ்பத்திரியின் பங்கிலிருந்து போகும். அதனால் அங்கே டெஸ்ட் குறையும், டிஸ்சார்ஜ் சீக்கிரம் வரும். அமெரிக்காவில் 1983ல் மெடிகேர் இதே போன்ற மொத்தத் தொகைக்கு மாறியபோதும் நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறைந்தன.

கவனிக்க வேண்டியது அட்மிட்டுக்கு முந்தைய கட்டம். அனுமதி வாங்க ரிப்போர்ட்டுகள் வேண்டும். "அப்ரூவல் வரும் வரை நீங்கள் கட்டுங்கள்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. சேரும்போதே எது பேக்கேஜில் அடங்கும் என்று ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம் கேட்டு, கட்டிய ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குங்கள்.

என்ன நோய் என்று தெரிந்துவிட்ட பிறகு, சிகிச்சைக்கு இது மிக நல்ல வாசல். என்ன நோய் என்றே தெரியாதபோது இது அதிகம் உதவாது. பேக்கேஜுக்கு முதலில் ஒரு நோயின் பெயர் வேண்டும்.

இ.எஸ்.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களின் சம்பளத்தில் 0.75 சதவீதம் இதற்குப் பிடிக்கிறார்கள். வெளிநோயாளியாகப் பார்ப்பதற்கும் இதில் வழி உண்டு. பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, பயன்படுத்துங்கள். எந்தத் தவறுக்கு அதிக இடம் என்பதில் இதுவும் ஜி.எச். போலத்தான்.

## டிரஸ்ட், மிஷன் மருத்துவமனைகள்: கட்டணம் உண்டு, டாக்டருக்குச் சம்பளம்

வேலூர் சி.எம்.சி., மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை போன்றவை இந்த வகை. நாம் பணம் கட்டுகிறோம், ஆனால் டாக்டர் சம்பளக்காரர். கூடுதல் டெஸ்ட்டால் அவர் பைக்கு ஒன்றும் வராது. புதிரான, பல மாதமாகக் கண்டுபிடிக்க முடியாத நோய்களுக்கு நான் சொல்வது இந்த வாசலைத்தான். அதற்கு விலையாகப் பயணம், லாட்ஜ் வாடகை, பல நாள் காத்திருப்பு எல்லாம் உண்டு. டெஸ்ட் பட்டியலும் சில நேரம் நீளமாகத்தான் இருக்கும். ஆனால் அது நோயைத் தேடிப் போகும் பட்டியல்.

| வாசல் | பணம் வரும் வழி | எந்தத் தவறுக்கு அதிக வாய்ப்பு | எதற்குப் போகலாம் |
|---|---|---|---|
| அரசு மருத்துவமனை | மாதச் சம்பளம் | அவசரத்தில் விட்டுப்போவது | காசநோய், விபத்து, இரண்டாவது கருத்து |
| தெருமுனை கிளினிக் | ஒரு முறைக்கு ஃபீஸ் | தேவையில்லாத மருந்து, சில இடங்களில் லேப் கமிஷன் | நாள்பட்ட நோய், எந்தத் தொடக்கமும் |
| பெரிய தனியார் | ஒவ்வொன்றுக்கும் பில் | அதிகப்படியான டெஸ்ட் | உயிர்போகும் அவசரம் |
| காப்பீட்டு பேக்கேஜ் | நோய்க்கு மொத்தத் தொகை | சீக்கிர டிஸ்சார்ஜ், முன்செலவு | பெயர் தெரிந்த நோய் |
| டிரஸ்ட், மிஷன் | நாம் கட்டணம், டாக்டருக்குச் சம்பளம் | காலதாமதம் | கண்டுபிடிக்க முடியாத நோய் |

மாஸ்டர் ஹெல்த் செக்அப்பை நான் ஒரு வாசலாகச் சேர்க்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் "நார்மல்" அளவு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்படுவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கே ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு. அந்தச் சிவப்பு எழுத்துதான் அடுத்த பில்லின் தொடக்கம். உபாதை இல்லாதவருக்கு வயதுக்கேற்ற பி.பி., சுகர், பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் மற்றும் மார்பகப் பரிசோதனை போதும். இவை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு.

## எங்கே போனாலும் கேட்க வேண்டியது

"இந்த டெஸ்ட்டில் எப்படி வந்தால் நீங்கள் கொடுக்கும் மருந்து மாறும், டாக்டர்?" இதைக் கேளுங்கள். எப்படி வந்தாலும் அதே மருந்துதான் என்றால் அந்த டெஸ்ட் இப்போது வேண்டாம். "இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தால் ஆபத்தா?" என்றும் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம், விசாரிக்க நேரமில்லாத இடத்துக்குப் போகும்போது விசாரணையின் பாதியை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். எப்போது தொடங்கியது, எது கூட்டுகிறது, எது குறைக்கிறது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போனால், இரண்டு நிமிஷத்துக்குள் பத்து நிமிஷ விஷயம் டாக்டர் கைக்குப் போகும்.

சரி, வாசகியின் கேள்விக்கு வருகிறேன். மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு முதலில் பழகிய கிளினிக் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ரத்த அணு எண்ணிக்கையும், ஊரில் டெங்கு இருந்தால் என்.எஸ்.1 டெஸ்ட்டும் கேளுங்கள். என்.எஸ்.1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பயன், அதற்குப் பிறகு டெங்குவுக்கான ஐ.ஜி.எம். என்ற வேறு ரத்த டெஸ்ட் பார்க்க வேண்டும். எட்டு டெஸ்ட்டில் மீதியை இரண்டு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேளுங்கள். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மயக்கம் இதில் எது வந்தாலும் வாசலை யோசிக்காமல் படுக்கை வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெங்கு என்று தெரிந்தால் காய்ச்சல் இறங்கிய நாளில் நிம்மதியாகி விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஆபத்து அந்த நாளிலும் அடுத்த ஒன்றிரண்டு நாளிலும்தான் வரும். அப்போது பிளேட்லெட்டும், ரத்தம் கெட்டியாகிறதா என்று காட்டும் ஹீமட்டோக்ரிட்டும் மறுபடி பார்க்கச் சொல்லி நீங்களே கேட்டு வாங்குங்கள், அது ஜி.எச். ஆனாலும் சரி, தனியார் ஆனாலும் சரி.